மூன்று புள்ளி இரண்டு

தலையில் தண்ணீர் விழுந்ததும் அமலதாஸ் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும் என்று இருந்தது ஜெசிந்தாவுக்கு. ஒரு தலையை மழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம். ஏற்கெனவே பாதி காலியான தலை என்றால் ஏழு. அந்த ஏழு நிமிஷமும் சிரித்துக்கொண்டே இருக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். இல்லை, பிறகு சொன்னால் முடி போயிருக்கும், இப்போதே எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும். என்னவென்று சொல்வது? கத்தியைக் கீழே வையுங்கள், நேர்ச்சை செல்லாது என்றா? வேளாங்கண்ணியில் முடி காணிக்கை மண்டபத்துச் சிமெண்டுப் பெஞ்சில், புருஷனுடைய சட்டை, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், செல்போன் எல்லாவற்றையும் மடியில் குவித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கைப்பைக்குள் ஜெபமாலைக்கும் தைலக்குப்பிக்கும் நடுவில் ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஆறு காலி. காலையில் லாட்ஜில் தைலம் தேடி அவருடைய பையைத் துழாவியபோது ஷேவிங் செட்டுக்கு அடியில், பவுடர் டப்பாவுக்குப் பின்னால், ஒரு துண்டுச்சீட்டில் சுற்றி ஒளித்து வைத்திருந்தது அகப்பட்டது. அதற்கு முன்னால் வரை, அதாவது ஏழேகால் மணி வரை, அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஏழேகால் வரை. அந்தத் துண்டுச்சீட்டைப் படிக்காமல் இருந்திருக்கலாம். வேறு எந்தப் பொம்பளையாக இருந்தாலும் அட்டையைப் பார்த்து, என்னவோ மாத்திரை என்று திரும்ப வைத்திருப்பாள். ஜெசிந்தாவுக்கு அச்சடித்த எழுத்து கண்ணில் பட்டால் படித்தாக வேண்டும், ஊறுகாய் பாட்டில் லேபிளானாலும் சரி, பஸ் டிக்கெட்டின் பின்பக்கமானாலும் சரி. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் அடித்து அடித்து ஏற்றியது அது. கேள்வித்தாளை அடிவரை படிக்காமல் பேனாவைத் தொட்டால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். அடிவரை படித்தாள். குளியலறை விளக்கில், எறும்பு முட்டை மாதிரி இங்கிலீஷ் எழுத்தில், முதலில் இது ஆண்களுக்கு முடி வளர்க்கும் மாத்திரை என்று தெரிந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, உண்மையாகவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெங்காயச் சாறாம்! பத்து மாசமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை சின்ன வெங்காயத்தை இடித்துத் தலையில் தேய்த்துக்கொண்டு வீட்டையே நாற அடித்தவர். உச்சியில் பூனைமுடி மாதிரி ஒன்று துளிர்த்ததும், பாத்தியா ஜெசி, எல்லாம் வெங்காயம் என்று கண்ணாடிக்கு முன்னால் தலையைச் சாய்த்துக் காட்டியவர். அவளும் நம்பி, தெருவில் மூன்று பேருக்கு அந்த வைத்தியத்தைச் சொல்லிவைக்க, இப்போது பாலக்கரையில் மூன்று புருஷன்மார் வெங்காய வாடையோடு திரிகிறார்கள். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் சொன்ன ஒரே உருப்படியான பொய். அப்படிச் சிரித்துக்கொண்டேதான் அடிக்கு வந்தாள். அடியில் ஒரு பத்தி. இந்த மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறவர்களுக்கு பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து காட்டும், புராஸ்டேட் புற்றுநோய்க்காக ரத்தம் எடுக்கும்போது மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்கவும், அளவை இரட்டிப்பாக்கிக் கணக்கிடவும். மறுபடி படித்தாள். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுப் படித்தாள். குழாய்ச் சத்தத்தில் இங்கிலீஷ் மாறிவிடும் என்பது போல.

பாதி. போன செவ்வாய்க்கிழமை அமலதாஸ் அதே டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்து, புதன்கிழமை செல்போனுக்கு ரிசல்ட் வந்தது, மூன்று புள்ளி இரண்டு. பக்கத்திலேயே கட்டம் போட்டு, நாலு வரைக்கும் சரி என்று போட்டிருந்தது. அமலதாஸ் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு லேப் வாசலில், ஸ்கூட்டர் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க அழுதார். நாலுக்குக் கீழே வந்தால் மொட்டை போடுகிறேன் தாயே என்று நேர்ந்திருந்தாராம், அப்போதுதான் சொன்னார். மாதாவுக்கே நார்மல் அளவு எவ்வளவு என்று சொல்லிக் கொடுத்து நேர்ந்துகொண்ட ஆள். பத்து மாசம் யாருக்கும் தெரியாமல் மாத்திரை விழுங்கி வளர்த்த முடியை, வேறு யாராக இருந்தாலும் கொடுக்க மனசு வராது, இவர் கொடுக்கிறேன் என்றார். அவரிடம் இருந்ததிலேயே ஆசையான பொருள் அதுதான், அதனால்தான் அதை நேர்ந்திருக்கிறார். இப்போது ஜெசிந்தாவுக்குப் புரிகிறது, புரிந்து என்ன செய்ய, அந்த முடியை வளர்த்த மாத்திரைதான் மூன்று புள்ளி இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தது, அந்த மூன்று புள்ளி இரண்டுக்குத்தான் அந்த முடி போகிறது. பொய்க்குப் பொய்யைக் காணிக்கை. தாயே மன்னித்துவிடு, உன் வாசலில் உட்கார்ந்துகொண்டு இப்படி நினைக்கிறேன். மூன்று புள்ளி இரண்டு இரட்டித்தால் ஆறு புள்ளி நாலு. மனசு அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டது, ஒரு தடவையாவது வேறு விடை வந்துவிடாதா என்று. மூவிரண்டு ஆறு. ஈரிரண்டு நாலு. விடை அதேதான்.

"என்ன ஜெசி, காலையிலேர்ந்து ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் பக்கத்திலிருந்த புஷ்பம். அமலதாஸின் அண்ணன் மனைவி. அண்ணன் லூர்துசாமி போய் இரண்டு வருஷம் ஆகிறது. "ஒண்ணுமில்லக்கா. வெயில்." "வெயிலா, இங்கயா? காத்து பிச்சிக்கிட்டுப் போகுது." புஷ்பம் ஜெபமாலையை விரலில் உருட்டிக்கொண்டே நாற்காலிப் பக்கம் தாடையைக் காட்டினாள். "பாரு எப்படிச் சிரிக்கிறாரு. எங்க வீட்டாளும் இப்படித்தான் சிரிப்பாரு. அவருக்கும் நேரத்தோட ஒரு டெஸ்ட்டு எடுத்திருந்தா… இடுப்பு வலி இடுப்பு வலின்னு எட்டு மாசம் தைலந்தானே தடவினேன். உன் புருஷனை மாதா கைவிடலடி. நீயும் விடல, கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் ரத்தம் குடுக்க வச்ச. நான்தான் கூமுட்டை." ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும். லூர்துசாமிக்கும் இதே புராஸ்டேட்தான், கடைசியில் ரத்தம் எடுத்தபோது நூற்றுக்கு மேலே காட்டியது, அதற்குள் எலும்புக்குப் போய்விட்டது. கடைசி ஒரு மாசம் படுக்கையைத் தொட்டாலே அந்த ஆள் கத்துவார், புஷ்பம் விரிப்பு மாற்றப் பயந்து வாசலில் நிற்பாள். அதைப் பார்த்த பிறகுதான் அமலதாஸ் ராத்திரி இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போனாலும் இவள் விழித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். எண்ணி எண்ணித்தான், சனியனே வாங்க டாக்டர்கிட்ட என்று இழுத்துப் போனாள். இழுத்துப் போனதும் நான்தான், இன்னொன்றைச் செய்ததும் நான்தான்.

அந்த இன்னொன்றுக்கு மனசு போகக் கூடாது என்று அவள் எதிரே பார்த்தாள். நாவிதர் ஐம்பது வயது ஆள், அரைப் பிளேடைக் கத்தியில் சொருகி, உச்சியிலிருந்து நெற்றிக்கு ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளையாக ஒரு பாதை. ஈரமுடி கொத்தாக அவர் மடியில் விழுந்தது. அது எந்த முடி, பழையதா, மாத்திரை முடியா? "சார், மீசையும் எடுத்துடலாமா?" அமலதாஸ் உடனே இவள் பக்கம் திரும்பினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு இவள் ஒரு கலங்கலான சேலைதான், ஆனாலும் திரும்பினார். "ஜெசி! மீசையுமா?" எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் கேட்பார். சாம்பார் ஊற்றிக்கொள்வதா ரசமா என்பதற்கும். மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் இவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறொரு நாளாக இருந்தால், அது மீசைன்னு யாருங்க சொன்னது, டை டப்பா கவுந்ததுதானே என்று சொல்லியிருப்பாள், மண்டபமே சிரித்திருக்கும். வாய் வரை வந்தது. "உங்க இஷ்டம்" என்றாள். அமலதாஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்ன இது, எனக்கு இஷ்டமா? உடம்பு சரியில்லையா இவளுக்கு?" என்று நாவிதரிடம் கேட்டார். நாவிதர், "வீட்டுக்காரம்மா விட்டுக் கொடுத்தா உடனே எடுத்துக்கணும் சார், மறுபடி கேக்கப்படாது" என்றார். அவர் சிரிக்க இவர் சிரிக்க, கத்தி அந்தரத்தில் நின்றது.

போயேவிட்டது மனசு, அங்கேதான். போன வருஷம் மே மாசம், அவளுடைய அக்கா மகள் கல்யாண வரவேற்பு. மேடையில் குடும்பமாக நிற்க, போட்டோக்காரன் இரண்டு தடவை எடுத்துவிட்டு மூன்றாவது எடுக்கப்போனான். ஏங்க, ஃபிளாஷ் உங்க மண்டையில பட்டு அவன் மூஞ்சிக்கே திரும்பிப் போகுது, ஒரு துண்டைப் போட்டு மூடிக்கிட்டாத்தான் என்ன என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததா, இல்லை அவள் குரலே மைக்கா, கடைசி வரிசை வரை கேட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள்கூட. அமலதாஸும் சிரித்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார். அதுதான் இப்போது வந்து நெஞ்சில் இடிக்கிறது, எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் தனியாகச் சிரித்த அந்தக் கடைசிச் சிரிப்பு. அதற்கு அடுத்த வாரம்தான் முதல் வெங்காயம் இடிபட்டது. எந்த மருந்துக் கடையில் போய் டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டாரோ, என்ன சொல்லிக் கேட்டாரோ, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பார். ஐம்பத்தெட்டு வயது ஆம்பளை, கல்லூரி நூலகத்தில் நாலாயிரம் புஸ்தகத்துக்குக் காவல், பொண்டாட்டியின் ஒரு வார்த்தைக்குப் பயந்து பவுடர் டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை ஒளிக்கிறார். பயந்தா? பயம்தானா அது? அழகாக இருக்க வேண்டும் என்று இருந்திருக்கும். யாருக்கு? அதை நினைத்ததும் ஜெசிந்தா செல்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதுகூடப் போகட்டும். ஊரில் எவள் புருஷனைக் கிண்டல் செய்யவில்லை? ஆனால் டாக்டர் அறை? அந்தச் சின்ன வயசு டாக்டர் நிதானமான ஆள், எல்லாவற்றையும் கேட்டார். ரத்தம் எடுப்பதற்கு முன்னாலேயே எச்சரித்தார், இது ஆமாம் இல்லை என்று சொல்லும் டெஸ்ட் இல்லையம்மா, நாலுக்கு மேலே வந்தாலும் முக்கால்வாசிப் பேருக்குப் புற்றுநோய் இருக்காது, சுரப்பி வீங்கினாலும் ஏறும், கிருமி இருந்தாலும் ஏறும், நாலுக்குக் கீழே வந்தவர்களிலும் சிலருக்கு இருக்கும் என்று. "அப்ப என்னத்துக்கு டாக்டர் இந்த டெஸ்ட்டு? காசா பூவா போட்டுப் பாத்துக்கலாமே" என்று கேட்டவள் இவள்தான். அவர் கோபப்படவில்லை. "வாசல் மணி மாதிரி வச்சுக்குங்க. அடிச்சா யாரோ நிக்கிறாங்கன்னு அர்த்தம். திருடனா தபால்காரனான்னு தெறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். பிறகு அமலதாஸைப் பார்த்து, வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா, நாட்டு மருந்து, சத்து மாத்திரை, எதுவானாலும் சொல்லுங்கள் என்றார். அப்போது அமலதாஸ் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி இவளைப் பார்த்தார். ஒரு நொடி. அதை அவள் பார்த்தாள், இல்லையென்று சொல்ல முடியாது, பார்த்தாள். என்ன பார்க்கிறார், பிரஷர் மாத்திரை பேர் மறந்துவிட்டது போல என்று நினைத்து முந்திக்கொண்டாள். "பிரஷர் மாத்திரை மட்டுந்தான் டாக்டர். நான்தான் எடுத்துக் குடுக்கிறேன். எனக்குத் தெரியாம இவர் இருமல் மிட்டாய்கூடச் சாப்பிட மாட்டார்." அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூடிக்கொண்டது. டாக்டர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். மணி அடித்துவிடக் கூடாதென்று அதன் நாக்கில் துணியைச் சுற்றியது இவள்தான்.

கத்தி காதுக்குப் பின்னால் போனது. பாதித் தலை வெள்ளை, பாதித் தலை கறுப்பு. இப்படியே நிறுத்திவிட்டால் எப்படி இருக்கும். சொல்லாமல் இருந்தால்? டாக்டர் அடுத்த வருஷம் வந்தால் போதும் என்றார். ஒரு வருஷம் இவர் சந்தோஷமாக இருப்பார். அந்த மாத்திரையைக் கடலில் போட்டுவிட்டு, ஒன்றுமே தெரியாதது போல… கிறுக்கு, ஒரு வருஷத்தில் என்னவெல்லாம் எங்கெங்கே போகும். எட்டு மாசத்தில் லூர்துசாமிக்கு எலும்பு வரைக்கும் போனது. சரி, இவருக்குச் சொல்லாமல் டாக்டரிடம் மட்டும் போய்ச் சொன்னால்? டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார், ஸ்கேன் என்பார், ஊசியை விட்டுச் சதை எடுக்க வேண்டும் என்பார், ஏன் ஏன் என்று இவர் கேட்பார். ஆறு புள்ளி நாலு என்றால்கூடப் புற்றுநோய் என்று யார் சொன்னது, முக்கால்வாசிப் பேருக்கு இல்லை என்று அந்த டாக்டரே சொன்னாரே. ஆனால் கால்வாசிப் பேர் என்று ஒன்று இருக்கிறதே, அந்தக் கால்வாசிப் பேரும் எங்கேயோ ஒரு பெஞ்சில் பொண்டாட்டியை உட்கார வைத்துவிட்டுத்தானே இருப்பார்கள். அண்ணனுக்கு வந்திருந்தால் தம்பிக்கும் வர வாய்ப்பு அதிகம் என்றாரே. அதிகம் என்றால் எவ்வளவு? கேட்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் குறுக்கே விழுந்து கேட்கிற ஜெசிந்தா அதைக் கேட்கவில்லை. ஒருவேளை அந்த மாத்திரை இவருக்கு வேலையே செய்யாமல் இருந்தால்? முடி வந்திருக்கிறதே. வேலை செய்திருக்கிறது, கண்ணால் பார்த்தாளே, கையால் தடவிப் பார்த்தாளே, கட்டிலில் ஒருநாள், அட நிஜமாவே பூனைமுடி என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தடவு என்றார். தாயே, எனக்கு ஒன்றும் வேண்டாம். நான் என் தலையை நேர்ந்துகொள்கிறேன். என் நாக்கை வேண்டுமானால் எடுத்துக்கொள், நிஜமாகச் சொல்கிறேன், இனி ஒரு வார்த்தை… உடனே சிஸ்டர் பெர்னதெத் குரல் கேட்டது, பேரம் பேசாதே, ஜெசிந்தா, கேள்விக்கு விடை எழுது.

"முடிஞ்சுதுங்க சார்." நாவிதர் துண்டால் தட்டி, சந்தனத்தைக் குழைத்து அப்பினார். புஷ்பம் எழுந்து, மெழுகுவத்தி வாங்கிட்டு வந்துடறேன், எங்க வீட்டாளு பேருக்கும் ஒண்ணு ஏத்தணும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அமலதாஸ் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி இல்லாததால் காலால் தடவித் தடவி வந்தார். மீசையும் இல்லை. முப்பது வருஷமாக அந்த மேலுதட்டை அவள் பார்த்ததில்லை, வெளுத்துப் போய், யாரோ ஒரு பிள்ளையின் உதடு மாதிரி இருந்தது. எதிரில் வந்து நின்று, கையை விரித்துக் காட்டினார். "ம், ஆரம்பி. எவ்வளவு நேரம் அடக்கி வச்சிருப்ப? பலாக்கொட்டையா, புளிச்சட்டியா, எதுன்னாலும் சொல்லு." அவள் கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். "குனிங்க" என்றாள். குனிந்தார். சந்தனத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள், சில்லென்று இருந்தது, அடியில் மண்டை சூடாக இருந்தது. வலது காதுக்குப் பின்னால் நாலைந்து முடி கத்திக்குத் தப்பி நின்றது, விரலில் குத்தியது. "ஒக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து, சீட்டோடு, அவர் கையில் வைத்தாள். முடி இருந்தவரை ஒரு மனுஷனுக்குத் தலையெல்லாம் சிவக்கும் என்பது தெரியாது, இப்போது தெரிந்தது, சந்தனத்தையும் தாண்டிச் சிவந்தது. "அது… எடுத்துட்டியா," என்றார். "டாக்டர் கேட்டாரே. வேற மாத்திரை உண்டான்னு." "கேட்டார்." "ஏன் சொல்லல?" அவர் அட்டையின் காலிக் குழிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். வெளியே காற்று அடிக்கிறது என்பதைச் சொல்வது போலச் சொன்னார். "நீ பக்கத்துல உக்காந்திருந்தியே, ஜெசி."

  சீட்டின் அடியில் அந்தப் பத்தியை விரல் வைத்துக் காட்டினாள், பிறகு அவருக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது என்று நினைவு வந்து, "இதச் சாப்பிட்டா நம்பர் பாதியாத்தான் காட்டுமாம். ரெண்டால பெருக்கணுமாம்" என்றாள். மீசை இல்லாத உதடு கணக்குப் போட்டது. இத்தனை வருஷமாக அந்த உதடு மீசைக்குள் இப்படித்தான் நடுங்கியிருக்குமா, மேடையில் சிரித்தபோதும்? "ஆறு…" என்றார். "புள்ளி நாலு." "அண்ணனுக்கு…" "அண்ணன இழுக்காதீங்க. ஆறுன்னா ஆறு, அதுக்கு மேல நமக்குத் தெரியாது. மணி அடிச்சிருக்கு, அவ்வளவுதான்." அவர் தலையைத் தடவப் போய், வழக்கமாகத் தடவும் இடத்தில் ஒன்றும் இல்லாமல், கையைக் கீழே போட்டார். அவள் செல்போனை எடுத்து டாக்டரின் கிளினிக் எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி போனது, ஒரு பெண் குரல், இருங்க, டாக்டர்கிட்ட குடுக்கிறேன் என்றது. வணக்கம் டாக்டர், நான் மிஸஸ் அமலதாஸ் என்று வாய் திறந்தேவிட்டது. மூடிக்கொண்டாள். போனை அவர் காதில், சந்தனத்தோடு சந்தனமாக, வைத்தாள். "நீங்களே சொல்லுங்க." அவர் கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார், அதே பார்வை. ஜெசிந்தா எழுந்தாள். சட்டையை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள், மூன்று பெஞ்ச் தாண்டி, நாலு பெஞ்ச் தாண்டி, ஒரு வார்த்தையும் காதில் விழாத தூரத்துக்கு, தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். திரும்பிப் பார்த்தபோது அந்த மஞ்சள் தலை குனிந்து போனில் பேசிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறார், அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் விட்டுப்போன அந்த நாலு முடி மட்டும், இங்கிருந்தே தெரிந்தது.